ஆறு நிமிடம், மூன்று விநாடி: க்ளென் கூல்டின் இரண்டு கோல்ட்பெர்க்குகள்

க்ளென் கூல்டைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஒரு கதை கூடவே வந்துவிடும். 1955 ஜூன் மாதம், 22 வயதுப் பையன் ஒருவன் கோடையிலும் கோட்டும் மஃப்ளருமாக நியூயார்க்கின் முப்பதாம் தெரு ஸ்டுடியோவுக்குள் நுழைகிறான். அப்பா காலை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுத்த மடக்கு நாற்காலி கையில். நான்கு நாட்களில் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை வாசித்து முடிக்கிறான். புயல் வேகம். உலகமே திரும்பிப் பார்க்கிறது. 26 ஆண்டுகள் கழித்து, 1981இல், அதே ஸ்டுடியோவுக்கு 48 வயது மனிதராகத் திரும்பி வந்து அதே படைப்பை மறுபடி பதிவு செய்கிறார். இந்த முறை மெதுவாக, கனத்த மனதோடு. மறு ஆண்டு அந்தப் பதிவு வெளியான சில வாரங்களில், ஐம்பது வயது முடிந்த கையோடு, பக்கவாதத்தில் இறந்துபோகிறார். வேகம் இளமை, மெதுவு மரணம். கச்சிதமான திரைக்கதை.

இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். ஆனால் இதை நம்பி அந்த இரண்டு பதிவுகளையும் கேட்டால் இரண்டுமே சரியாகக் காதில் விழாது. ஏனென்றால் இந்தக் கதையை ஒரே ஒரு எண் உடைக்கிறது. முப்பது வேரியேஷன்களிலும் மிகத் துக்கமானது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிற இருபத்தைந்தாவது, 1955இல் 6 நிமிடம் 28 விநாடி. 1981இல் 6 நிமிடம் 3 விநாடி. அதாவது, சாவை நெருங்கியவர் என்று நாம் சொல்கிற மனிதர், துக்கத்தின் உச்சமான இடத்தை இளைஞனைவிட வேகமாக வாசித்திருக்கிறார்.

ஸ்ட்ரீமிங் ஆப்களில் ஒன்றிரண்டு விநாடி முன்பின் காட்டும். அதைத் தள்ளிவிட்டாலும் 25 விநாடி வித்தியாசம் சின்ன விஷயமில்லை. எப்படி இது?

முதலில் படைப்பைப் பற்றிக் கொஞ்சம். 1741இல் நியூரம்பெர்க்கில் அச்சானது. இரண்டு வரிசைக் கட்டைகள் கொண்ட ஹார்ப்சிகார்டுக்காக எழுதப்பட்டது. ஒரு ஆரியா, முப்பது வேரியேஷன்கள், கடைசியில் மறுபடி அதே ஆரியா. மொத்தம் 32 பகுதிகள். ஆரியாவிலும் 32 ‘பார்’கள். இதில் வேரியேஷன் என்பது ஆரியாவின் மெட்டுக்கு அல்ல. மெட்டு முதல் நிமிடத்தோடு போய்விடும், கடைசியில்தான் திரும்பும். மாறாமல் இருப்பது அடியில் இடது கை போடும் பேஸ் வரியும், அதன்மேல் நிற்கிற ஹார்மனியும். என் தொழில் பாஷையில் சொன்னால் ஒரே இன்டர்ஃபேஸ், முப்பது இம்ப்ளிமென்டேஷன். (இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் வாய் சும்மா இருக்காது.)

தூக்கம் வராத ஒரு பிரபுவுக்காக, அவரிடம் வேலை பார்த்த கோல்ட்பெர்க் என்ற பையன் இரவுகளில் வாசிப்பதற்காக பாக் இதை எழுதிக்கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. பாக்கின் வாழ்க்கையை எழுதிய ஃபோர்க்கெல் 1802இல் சொன்னது. அச்சான ஆண்டில் கோல்ட்பெர்க்குக்கு 14 வயது என்பதால் ஆராய்ச்சியாளர்கள் பலர் இதை நம்புவதில்லை. எப்படியோ, இன்றைய ‘ஸ்லீப்’ ப்ளேலிஸ்ட்டுக்கு இருநூறு வருஷத்துக்கு முந்தைய மூதாதை இந்தக் கதைதான். அச்சுப் பிரதியின் முகப்பில் பாக் போட்டது வேறு: இசை ஆர்வலர்களின் மன உவகைக்காக. தூக்கமும் இல்லை, துக்கமும் இல்லை.

டெம்போவைப் பற்றி பாக் மிகக் குறைவாகவே சொல்லியிருக்கிறார். அச்சுப் பிரதியில் பதினைந்தாவதற்கு ‘ஆண்டான்டே’ என்ற குறிப்பு உண்டு, இருபத்திரண்டாவதற்கு ‘அல்லா ப்ரெவே’ உண்டு. பெரும்பாலான பகுதிகளுக்கு எதுவுமே கிடையாது. 1974இல் பிரான்ஸில் பாக்கின் சொந்தப் பிரதி ஒன்று கிடைத்தது. அதில் அவர் கைப்படச் சில திருத்தங்கள் செய்திருக்கிறார். ஏழாவதற்கு ‘ஜிக்’ நடன வேகம் என்றும், இருபத்தைந்தாவதற்கு ‘அடாஜியோ’ என்றும் எழுதிவைத்திருக்கிறார். அதாவது 1955இல் கூல்ட் வாசித்தபோது இந்த இருபத்தைந்தாவதை மெதுவாக வாசிக்கச் சொல்லும் ஒரு சொல்கூட அவர் முன்னால் இருந்த தாளில் இருக்க வாய்ப்பில்லை. 1981இல் ‘அடாஜியோ’ என்று பாக்கே எழுதியது உலகத்துக்குத் தெரியும். தெரிந்த பிறகுதான் அவர் வேகம் கூட்டியிருக்கிறார்! கூல்டின் முரட்டுக் குணம் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இனி அந்த மொத்த நேரக் கணக்குக்கு வருவோம். முதல் பதிவு சுமார் 38½ நிமிடம், இரண்டாவது 51 நிமிடத்துக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட 13 நிமிடம் கூடுதல். ‘மெதுவாகிவிட்டார்’ என்பதற்கு எல்லோரும் காட்டும் சாட்சி இதுதான். ஆனால் ஒவ்வொரு வேரியேஷனும் இரண்டு பாதிகளால் ஆனது. ஒவ்வொரு பாதியையும் திரும்ப வாசிக்கச் சொல்லி பாக் குறி போட்டிருக்கிறார். 1955இல் கூல்ட் ஒன்றைக்கூடத் திரும்ப வாசிக்கவில்லை. 1981இல் ஒன்பது கேனன்களிலும், கூடவே 4, 10, 22, 30 என்று நான்கிலும், ஆக 13 வேரியேஷன்களில் முதல் பாதியை இரண்டு முறை வாசிக்கிறார். அந்தக் கூடுதல் நேரத்தில் ஏறக்குறைய பாதி, என் கணக்குப்படி, இந்தத் திரும்ப வாசித்தலில் போயிருக்கிறது. மொத்த நேரத்தைப் பார்த்து டெம்போவைச் சொல்வது, வரிகளின் எண்ணிக்கையைப் பார்த்து ப்ரோக்ராமின் தரத்தைச் சொல்வது மாதிரி.

சரி, மொத்தத்தை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தால்? ஆரியா நிஜமாகவே மெதுவாகியிருக்கிறது: 1 நிமிடம் 53 விநாடி, 3 நிமிடம் 5 விநாடியாகிவிட்டது. முதல் வேரியேஷன் முக்கால் நிமிடத்திலிருந்து 1 நிமிடம் 10 விநாடிக்கு வந்திருக்கிறது. இருபத்தைந்து எதிர்த்திசையில் போகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இதை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டேன். ஆரியாவுக்கும் இருபத்தைந்துக்கும் 32 பார்கள், பாருக்கு மூன்று பீட். இரண்டு பதிவிலும் இந்த இரண்டையும் அவர் திரும்ப வாசிக்கவில்லை, அதனால் வகுத்தல் சுலபம். 1955இல் ஆரியாவின் ஒரு பீட் சராசரியாக 1.18 விநாடி. இருபத்தைந்தாவதின் அரை பீட் 2.02 விநாடி. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 1981இல் ஆரியாவின் ஒரு பீட் 1.93 விநாடி, இருபத்தைந்தாவதின் அரை பீட் 1.89 விநாடி.

இந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடி வைத்து ஒரு டீ போட்டேன். வெறும் சராசரிதான், ஒப்புக்கொள்கிறேன். கூல்ட் மெட்ரோனோமோடு வாசிக்கவில்லை; வாக்கிய முடிவில் இழுப்பார், கடைசி சுரம் அடங்கும் நேரமும் கணக்கில் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் காது அதைத்தான் சொல்கிறது. 1981இல் ஆரியாவின் மூச்சும் இருபத்தைந்தின் மூச்சும் ஒன்று. ஆரியாவில் ஒரு அடி விழும் நேரத்தில் இருபத்தைந்தில் அரை அடி விழுகிறது. ஆரியா மெதுவானதும் இருபத்தைந்து வேகமானதும் தனித்தனி முடிவுகள் அல்ல. இரண்டும் ஒரே துடிப்பை நோக்கி எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நடந்து வந்திருக்கின்றன.

கூல்டே இதைச் சொல்லியிருக்கிறார். 1982இல் விமர்சகர் டிம் பேஜோடு ஒரு வானொலிப் பாணி உரையாடல் பதிவானது. (அந்த உரையாடலில் பெரும்பகுதி முன்கூட்டியே எழுதி வைத்து வாசித்தது. அவருக்கு நேரடி நிகழ்ச்சி என்றாலே ஆகாது. 1964இலேயே கச்சேரி மேடையை விட்டவர்.) படைப்பு முழுவதிலும் ஓடும் ஒரு அடிப்படைத் துடிப்பு தேவை என்றும், முதல் பதிவில் முப்பதும் முப்பது திசையில் போகிறது என்றும் அதில் குறைபட்டுக்கொள்கிறார். குறிப்பாக இருபத்தைந்தைப் பற்றி: ஷோபானின் நாக்டர்ன் மாதிரி ஒலிக்கிறது என்கிறார். அவர் வாயிலிருந்து வந்தால் அது வசவு. ஷோபானை அவர் ஒரு நாளும் பெரிதாக மதித்ததில்லை.

1955இன் இருபத்தைந்தைக் கேட்டுப் பாருங்கள், அவர் சொல்வது புரியும். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு பெருமூச்சு. வலது கை மேலே தாவுகிற இடத்தில், உச்சியைத் தொடுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் தயங்கி நின்று, ‘பார், எனக்கு எவ்வளவு வலிக்கிறது’ என்கிறார். 22 வயதில் துக்கத்தை அப்படித்தான் வாசிக்கத் தோன்றும். எனக்கு அது பிடிக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற 24உம் 26உம் பறக்கும் வேகத்தில் போகிறபோது, இது ஒரு தீவு மாதிரித் தனியாகக் கிடக்கிறது. துக்கத்துக்கு ஒரு அறை ஒதுக்கி, கதவைச் சாத்திவிட்டு, வெளியே வந்து விளையாடப் போய்விடுகிற மாதிரி. 1981இல் அந்தக் கதவு இல்லை. ஆரியாவிலேயே அந்தக் கனம் இருக்கிறது. பதினைந்தாவதில் இன்னும் கூடுதலாக இருக்கிறது. 1955இல் இரண்டே கால் நிமிடத்தில் முடிந்த அது 1981இல் ஐந்து நிமிடத்தைத் தொடுகிறது, முதல் பாதியைத் திரும்ப வாசித்ததைக் கழித்த பிறகும் மிக மெதுவு. அதன் கடைசி பாரில் இடது கை கீழே இறங்கிப் போக, வலது கை மேலே ஏறிக்கொண்டே போய் அந்தரத்தில் நின்றுவிடும். சரியாகப் படைப்பின் நட்டநடு. இருபத்தைந்து வரும்போது நாம் அங்கே ஏற்கெனவே இருந்திருக்கிறோம் என்று தோன்றுகிறது. ஆகவே அங்கே இழுக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

ஸ்கேலைப் பற்றியும் பேச வேண்டும். ‘மைனர் என்றால் சோகம், மேஜர் என்றால் சந்தோஷம்’ என்று கீபோர்டு வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். கோல்ட்பெர்க் முழுவதும் ஜி மேஜர். 15, 21, 25 என்று மூன்று மட்டும் ஜி மைனர். லாண்டோவ்ஸ்கா இருபத்தைந்தாவதைக் கறுப்பு முத்து என்று அழைத்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் துக்கம் ஜி மைனரில்தான் இருக்கிறது என்றால் இருபத்தொன்றும் அதே அளவு அழவைக்க வேண்டுமே? அது அழவைப்பதில்லை. யோசனையில் நடக்கிற மாதிரி ஒரு நடை, அவ்வளவுதான். பாக்கின் காலத்தவரான மாத்தேசன் 1713இல் ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஒரு குணம் எழுதிவைத்தார். அவர் கணக்கில் ஜி மைனர் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அழகானது. கம்பீரமும் நளினமும் சேர்ந்தது. சாவு வீட்டு ஸ்கேல் அல்ல. அதோடு, லியோன்ஹார்ட் போன்றவர்களின் ஹார்ப்சிகார்ட் பதிவுகளில் பழைய கால வழக்கப்படி சுருதியை அரைச்சுரம் இறக்கி வைத்திருப்பார்கள். இன்றைய பியானோவை வைத்துப் பார்த்தால் அவர்களுடைய ஜி மைனர் எஃப் ஷார்ப் மைனராகத்தான் காதில் விழும். துக்கம் அதனால் குறைந்தா போகிறது?

இருபத்தைந்தை வலிக்கச் செய்வது அது நிற்கும் இடமல்ல, அது வழுக்குவதுதான். பேஸ் வரி அரைச்சுரம் அரைச்சுரமாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஜி மைனரில் சொன்னதை உடனே ஒரு படி கீழே, எஃப் மைனரில், மறுபடி சொல்லும். காலூன்றினோம் என்று நினைக்கிற நொடியில் தரை நகர்ந்துவிடும். இதை எந்த வேகத்தில் வாசித்தாலும் அந்த வழுக்கல் போகாது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் அது இன்னும் நன்றாகவே தெரிகிறது என்பதற்கு 1981தான் எனக்குச் சாட்சி. 1955இன் தயக்கங்களில் மேல்வரியின் அழுகை கேட்கிறது. அடியில் தரை சரிவது கேட்பதில்லை.

ஆரியாவில் நேர்மாறான விஷயம். அது மேஜர். சாரபாண்ட் என்ற பழைய நடனத்தின் நடை. இரண்டாவது பீட்டில் சற்றுச் சாய்ந்து நிற்கும். மேல்வரி முழுக்க நகாசு வேலை. இதை 1.2 விநாடிக்கு ஒரு பீட் என்று வாசித்தால் நகாசு நகாசாகவே தெரியும், புடவைக் கரை மாதிரி. இரண்டு விநாடிக்கு ஒரு பீட் என்று வாசித்தால் ஒவ்வொரு சின்னச் சுரமும் மெட்டாகிவிடுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. பியானோவில் ஒரு கட்டையை அழுத்திய நொடியிலிருந்தே சத்தம் தேய ஆரம்பித்துவிடும். வயலின் மாதிரிப் பிடித்து வைக்க முடியாது. அடுத்த சுரம் வரும்போது முந்தையது பாதி அணைந்திருக்கும். இடையில் இருக்கிற வெளியைக் கேட்பவர்தான் இட்டு நிரப்ப வேண்டும். 1981இன் ஆரியாவைத் துக்கமாக உணர்கிறவர்கள் உண்மையில் உணர்வது, தங்களுடைய அந்த உழைப்பைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் நண்பன் ஒருவன் அப்பா இறந்த மாதத்தில் இந்த ஆரியாவை மட்டும் லூப்பில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். இரவு வண்டி ஓட்டும்போது, வேலை செய்யும்போது, எப்போதும். ‘இது சாவுக்காக எழுதினதுதானடா?’ என்று கேட்டான். இல்லை என்பதுதான் பதில். மேஜர் ஸ்கேல், நடன நடை, மன உவகைக்காக என்று முகப்பிலேயே போட்ட புத்தகம். வாசித்தவருக்கும் அப்போது தான் சாகப்போவது தெரியாது, அதற்கு இன்னும் ஒன்றே கால் வருஷம் மேலே இருந்தது. எதையும் அவனிடம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இரக்கம் மட்டுமல்ல. அவன் கேட்டது தப்பில்லை. அணையும் சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு விநாடிக்குள் அவன் அப்பாவுக்கு இடம் இருந்தது. 1955இன் ஆரியாவில் அந்த இடம் கிடையாது. அதே ஆரியாவை ஜொனதன் டெம்மி 1991இல் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்’ படத்தில், லெக்டர் காவலர்களைக் கொல்லும் காட்சியில் வைத்தார். வாசித்தது வேறொருவர். அங்கே அது குலைநடுங்க வைக்கிறது. அதுவும் தப்பில்லை.

தப்பு எங்கே என்றால், அந்த இடத்தை ‘மரணம்’ என்று பெயரெழுதி முன்கூட்டியே பூட்டிவைக்கிற கதையில். 1981 பதிவைப் பெரும்பாலும் நாம் ப்ரூனோ மோன்சான்ஜோன் எடுத்த படத்தின் வழியாகத்தான் அறிகிறோம். அந்தக் குட்டை நாற்காலி, கட்டைகளின் மேல் கவிந்த முகம், கனத்த கண்ணாடி, முன்வழுக்கை. மரணத்தைத் தேடுகிறவனுக்கு அதில் மரணம் கிடைத்துவிடும். படத்தை அணைத்துவிட்டு ஐந்தாவதையும் பதினான்காவதையும் மட்டும் கேளுங்கள். சிரிக்கிறார் மனிதர். கை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடுகின்றன. அந்தப் பதிவு மொத்தமும் விடைபெறுதல் என்று நம்புகிறவர்கள் இந்த இடங்களை எங்கே வைப்பார்கள்? முப்பதாவதில் பழைய நாட்டுப்பாட்டு மெட்டுகளை பாக் பின்னி வைத்திருக்கிறார். அது ஒரு ஜோக். கூல்டும் அதை ஜோக்காகவே வாசிக்கிறார், சத்தம் போட்டுக் கூடவே முனகியபடி.

2007இல் வெளியான ஒரு விநோதப் பதிவையும் சொல்லிவிட வேண்டும். ஸென்ஃப் என்ற நிறுவனம் 1955 பதிவை மென்பொருள் மூலம் அலசி, ஒவ்வொரு கட்டையும் எந்த நொடியில், எந்த அழுத்தத்தில் விழுந்தது, எப்போது விடப்பட்டது என்பதைத் தரவாக மாற்றி, கணினியால் இயங்கும் யமஹா பியானோவில் வாசிக்க வைத்துப் பதிவு செய்தது. முனகல் இல்லை, நாற்காலிச் சத்தம் இல்லை. டெம்போ அதே. ஸ்கேல் அதே. அந்த இருபத்தைந்தின் தயக்கங்கள்கூட அப்படியே இருக்கின்றன. பொறியியலாக நான் இதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் கேட்கும்போது மூட் வேறாகிவிடுகிறது. பழைய பதிவின் வறண்ட, கிட்டத்து ஒலி போய், வழவழப்பும் அறையின் விசாலமும் வந்துவிட்டன. அதே தயக்கம் இங்கே வலியாகத் தெரியவில்லை, மரியாதையாகத் தெரிகிறது. வேகமும் ஸ்கேலும் சேர்ந்து மூடை நிர்ணயிக்கும் என்றால் இது நடந்திருக்கக் கூடாது. பாட்டின் பிபிஎம்மையும் மேஜர்–மைனரையும் வைத்து ‘சோகம் 0.8’ என்று மதிப்பெண் போடும் ஆட்கள் இதை ஒரு டெஸ்ட் கேஸாக வைத்துக்கொள்ளலாம்.

புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு: 1981இன் ஆரியாவிலிருந்து நேராக இருபத்தைந்துக்குத் தாவுங்கள். பாக் மன்னிப்பார். ஆரியா ஓடும்போது விரலால் மேஜையில் அடி போட்டுக்கொண்டே இருங்கள். அடுத்தது தொடங்கியதும் விரலை நிறுத்தாதீர்கள். அதே அடியில் அது வந்து உட்காரும். பிறகு 1955இல் அதையே செய்து பாருங்கள், விரல் தனியாக எங்கோ போய்க்கொண்டிருக்கும்.